வளர்ந்த நாயைத் தத்தெடுத்திருக்கிறீர்களா? முதல் சில வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குட்டி வேண்டாம், காப்பகத்தில் வருஷக்கணக்கில் கிடக்கும் வளர்ந்த நாயைத்தான் எடுப்பேன் என்று சொல்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே, அப்படி எடுத்துப் போன நாய் இரண்டே வாரத்தில் "வீடெல்லாம் மூத்திரம் போகுது, கூண்டில் அடைத்தால் தெருவே கேட்கிற மாதிரி கத்துது" என்று திரும்பி வரும்போது மனசு தாங்குவதில்லை. அந்த நாய்களில் பலவற்றை வீட்டிலேயே வைத்திருந்திருக்கலாம்.

"வளர்ந்த நாய்தானே, அதுக்குத் தெரியாதா" என்ற நினைப்பில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். அதற்குத் தெரியும், ஆனால் வேறு எதுவோ தெரியும். காலுக்கு அடியில் எது படுகிறது என்பதை வைத்துத்தான் நாய் இடம் தேர்ந்தெடுக்கிறது. காப்பகத்தின் சிமெண்ட் தரையில் இரண்டு வருஷம் இருந்த நாய்க்கு உங்கள் வீட்டு டைல்ஸ் கழிப்பறை மாதிரிதான் இருக்கும். தெருவில் மண்ணிலும் மணலிலும் போய்ப் பழகியதோ டைல்ஸில் போக மனம் வராமல் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் செம்பி முதல் வகை. வந்த அன்று பூங்காப் புல்லில் அரை மணி நேரம் நடந்தோம், ஒன்றுமே போகவில்லை; லிஃப்டில் ஏறி மேலே வந்து வாசல் கிரானைட்டில் கால் வைத்ததும் நின்ற இடத்திலேயே போய்விட்டாள். மறுநாளிலிருந்து அவள் சிறுநீரை ஒற்றி எடுத்த பழைய செய்தித்தாளை, காம்பவுண்ட் சுவர் ஓரம் சிமெண்டும் மண்ணும் சேரும் இடத்தில் போட்டு வைத்து, தினமும் ஒரு சாண் மண் பக்கம் நகர்த்தினேன். எட்டாவது நாள் மண்ணிலேயே போனாள்.

நேரமும் அதே மாதிரிதான். ஆரோக்கியமான வளர்ந்த நாய் ஆறு முதல் எட்டு மணி நேரம் அடக்கும் என்பதெல்லாம் பழகிய வீட்டில். புது இடம், பயம், வழக்கத்தை விட அதிகமாகத் தண்ணீர் குடிப்பது எல்லாம் சேர்ந்தால் அந்தக் கணக்கு நிற்காது. முதல் இரண்டு வாரம் குட்டி என்றே நினைத்துக்கொள்ளுங்கள்: எழுந்ததும், சாப்பிட்ட அரை மணிக்குள், விளையாடியதும், படுக்கப் போகும் முன், நடுவில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம். அதே இடம், அதே வழி. போனைப் பார்க்காமல் சும்மா நில்லுங்கள். போய் முடித்த அந்த நொடியே, அங்கேயே, வேகவைத்த ஈரல் ஒரு துண்டு கொடுங்கள். வீட்டுக்கு வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்குக் கொடுத்ததாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். அப்புறம், போனதுமே இழுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். போனால் வெளியே சுற்றுவது முடிந்துவிடும் என்று புரிந்துகொண்ட நாய் வேண்டுமென்றே தாமதிக்கும். கூடுதலாக ஐந்து நிமிஷம் நடந்துவிட்டு வாருங்கள்.

அடிப்பது, மூக்கை அதில் வைத்துத் தேய்ப்பது. தயவுசெய்து வேண்டாம். "செய்த தப்பு அதுக்கே தெரியுது, மூஞ்சியைப் பாருங்க" என்பார்கள். அமெரிக்காவில் நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார். தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமில்லை, திட்டு விழுந்தால் அந்த முகம் வருகிறது, அவ்வளவுதான். காதை மடக்கி, வாலைக் காலுக்குள் விட்டு, பீரோவுக்குப் பின்னால் நுழைந்துகொள்கிற நாய் பயந்திருக்கிறது. அடி வாங்கியது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: இந்த மனுஷன் முன்னால் போகக் கூடாது. பிறகு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும், நீங்கள் லீஷைப் பிடித்து வெளியே நிற்கும்போதும் போகாது. கண் முன்னால் போக ஆரம்பித்தால் மெதுவாகக் கைதட்டி வெளியே கூட்டிப் போங்கள். போய் முடித்த பின் பார்த்தீர்களா, துடையுங்கள், வேறொன்றும் வேண்டாம்.

துடைப்பதிலும் ஒரு விஷயம். ஃபினாயில் ஊற்றினால் நமக்கு வாடை போய்விடும், அதன் மூக்குக்குப் போகாது. ஈரத்தில் நடந்து பாதத்தை நக்கினால் உடம்புக்கும் கெடுதல். முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும், வாடையைச் சிதைக்கும் என்சைம் திரவத்தைத் தெளித்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறவிடுங்கள். கால் துடைக்கும் மிதியடிகளைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைத்துவிடுவது நல்லது.

எல்லாம் சரியாகச் செய்தும் அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போகிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா, கருத்தடை செய்த பெண் நாய் தூங்கி எழுந்தால் படுக்கை நனைந்திருக்கிறதா? அது பழக்கப் பிரச்சினை ஆகாது, கால்நடை மருத்துவரிடம் போங்கள். குனிந்து தலையில் கை வைக்கும்போது மட்டும் ஒழுகுகிறது என்றால் பயம். பக்கவாட்டில் உட்கார்ந்து, அது உங்களிடம் வரும்வரை காத்திருங்கள்.

இனி கூண்டு. புதுக் கூண்டு வாங்கி, முதல் இரவே உள்ளே தள்ளிப் பூட்டி, "கத்தி ஓயட்டும்" என்று கதவைச் சாத்திக்கொள்வதை விடக் கொடுமையான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. பல நாய்கள் வலை போட்டுப் பிடிக்கப்பட்டு, வண்டிக் கூண்டில் அடைபட்டு வந்தவை. முதல் சில நாட்கள் கூண்டின் கதவைத் திறந்தபடி கயிற்றால் கட்டி வையுங்கள், சாப்பாட்டை உள்ளே வையுங்கள். தானாக நுழைந்து நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு, சாப்பிடும் நேரம் மட்டும் சாத்துங்கள்; ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம், நீங்கள் பக்கத்திலேயே இருந்தபடி. எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவு இடம் வேண்டும். எச்சில் ஒழுகி நெஞ்சு நனைவது, கம்பியைக் கடிப்பது, நகத்தில் ரத்தம் வருவது, இதில் எதைப் பார்த்தாலும் கூண்டை மறந்துவிடுங்கள். ஒரு அறையும், வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பும் போதும். பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் அடைத்தால் வேறு வழியில்லாமல் படுக்கையிலேயே போகும். படுக்கிற இடத்தில் போகக் கூடாது என்ற கூச்சம் ஒருமுறை விட்டுப் போனால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. நீங்கள் வீட்டில் இருக்கும் நேரங்களில் லீஷை உங்கள் இடுப்பிலேயே கட்டிக்கொண்டால், அது முகர்ந்து சுற்ற ஆரம்பிப்பது உடனே தெரியும்.

மொட்டை மாடியில் கட்டிப்போடுவது, பால்கனி கம்பியில் சங்கிலி மாட்டுவது, இரண்டும் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் மாடித் தரை பாதத்தைப் பொசுக்கும், பால்கனியிலிருந்து தாவினால் சங்கிலியே தூக்குக் கயிறாகிவிடும். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அசையக்கூட இடமில்லாத கூண்டையும், அதிகக் கனமான அல்லது குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயைப் போதிய அளவு நடக்க விடாததும் அதே பட்டியலில் இருக்கிறது.

கடைசியாக, நான் செய்த தவறு. செம்பி தொடர்ந்து பத்து நாள் சுத்தமாக இருந்ததும் சந்தோஷத்தில் எல்லா அறைகளையும் திறந்துவிட்டேன். மூன்றாவது நாள் படுக்கையறை மூலையில் குட்டை. பழையபடி ஹாலும் சமையலறையும் மட்டும் என்று சுருக்கினேன், மாதம் ஒரு அறையாகத் திறந்தேன். படுக்கையறைக் கதவு அவளுக்காகத் திறந்தபோது நான்கு மாதம் ஆகியிருந்தது. உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றி, கட்டிலுக்கடியில் கிடந்த பாயில் படுத்துத் தூங்கிவிட்டாள்.