தமிழ் வாக்கியத்தில் வாசகர் எங்கே தயங்குகிறார்: வாசிப்புச் சோதனை ஒன்றை நடத்தும் முறை

வாசிக்கும் மனம் வாக்கியம் முடியும்வரை காத்திருப்பதில்லை. ஒவ்வொரு சொல்லும் வந்தவுடனேயே பொருளைக் கட்டத் தொடங்கி, அடுத்து வரக்கூடியதையும் எதிர்பார்க்கிறது. ரொட்டியில் காலுறையைப் பூசினான் என்பது போலப் பொருந்தாத சொல்லில் ஒரு வாக்கியம் முடியும்போது, அச்சொல் தோன்றி ஏறத்தாழ 400 மில்லிசெக்கன்களில் மூளையின் மின்னலையில் தனித்த மாற்றம் எழுவதை மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் ஆகியோர் 1980இல் காட்டினர். ஆயினும் வாக்கியத்தை மனம் எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்பதை ஆராயும் மொழி உளவியலின் சான்றுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்தே வந்தவை. இந்தச் சாய்வை டாமியான் பிளாசியும் அவரது சக ஆய்வாளர்களும் 2022இல் கடுமையாகச் சுட்டிக்காட்டினர். வினை இறுதியில் வரும் மொழிகளில் முடிவுகள் வேறுபடலாம். தொடர்புள்ள சொற்கள் விலகி நிற்க நிற்கச் சுமை கூடும் என்று எட்வர்ட் கிப்சன் 1998இல் முன்வைத்த கருத்துக்கு மாறாக, இடையில் சொற்கள் கூடியபோது வினையை வாசகர் விரைவாகக் கடந்ததை ஷ்ரவண் வசிஷ்டும் ரிச்சர்ட் லூயிஸும் 2006இல் இந்தியில் கண்டனர். தமிழில் என்ன நிகழ்கிறது என்பதை நாமே அளக்க வேண்டும். அதற்குத் திருகோணமலையில் ஒரு கணினியும் அமைதியான அறையும் போதும்.

மிக எளிய முறை தன்வேக வாசிப்பு ஆகும். திரையில் வாக்கியம் கோடுகளால் மறைக்கப்பட்டிருக்கும். வாசகர் விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு சொல்லாகத் திறந்து மூடும். ஓர் அழுத்தத்துக்கும் அடுத்த அழுத்தத்துக்கும் இடைப்பட்ட நேரமே அளவு. பி.சி. ஐபெக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதுமானது.

முதலில் ஒரேயொரு கேள்வியைத் தெரிவுசெய்யுங்கள். தமிழில் பெயரெச்சத் தொடர் தான் விளக்கும் பெயருக்கு முன்னரே வந்துவிடுவதால், அங்கே தமிழுக்கே உரிய ஒரு தடுமாற்றம் பிறக்கிறது. “மீனவர் வியாபாரியை ஏமாற்றிய தரகரை இன்று மீன் சந்தையில் கண்டார்” என்ற வாக்கியத்தில், “ஏமாற்றிய” என்பது வரையில் வாசிப்பவர் மீனவரே ஏமாற்றினார் என்று கொண்டுவிடக்கூடும். “தரகரை” என்ற சொல் வந்ததும் அந்தக் கட்டுமானத்தைக் கலைத்து, ஏமாற்றியவர் தரகர் என்று மீண்டும் கட்ட வேண்டியுள்ளது. இதற்கு இணையாக “முன்னர் வியாபாரியை ஏமாற்றிய தரகரை இன்று மீனவர் மீன் சந்தையில் கண்டார்” என்று எழுதினால், மீனவர் பின்னால் சென்றுவிடுவதால் அந்தத் தவறான வழி திறப்பதில்லை. “தரகரை” என்ற சொல்லிலும் அதை அடுத்த “இன்று” என்ற சொல்லிலும் இரு வாக்கியங்களின் நேரத்தையும் ஒப்பிடுவதே சோதனை. அடுத்த சொல்லையும் சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம், விரல் மனத்தை முந்திவிடுவதால் தயக்கம் பெரும்பாலும் ஒரு சொல் தள்ளியே வெளிப்படுவதாகும்.

இந்த இணையை அமைப்பதில்தான் உழைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒப்பிடும் சொல் இரு வாக்கியங்களிலும் ஒரே வடிவில், ஒரே இடத்தில் நிற்க வேண்டும். “மீனவர்”, “முன்னர்” இரண்டும் நான்கெழுத்துச் சொற்களாக இருப்பது தற்செயல் அன்று. சந்தியை எல்லாவற்றிலும் கூடுதலாகக் கவனியுங்கள். நான் முதலில் எழுதிய வாக்கியங்களில் ஒன்றில் “தரகரைத் தேடினார்” என்றும், மற்றதில் “தரகரை மீனவர்” என்றும் இருந்தன. அந்த ஒற்று, சொல்லை நீட்டியதோடு, அடுத்த சொல் தகரத்தில் தொடங்கும் என்பதையும் வாசகருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டது. ஆங்கில வழிகாட்டிகளை மட்டும் நம்பியிருந்ததால் இதை வெகு பிந்தியே கண்டேன். ஆகவே அடுத்த சொல் உயிரெழுத்திலோ மெல்லினத்திலோ தொடங்குமாறு அமைப்பது பாதுகாப்பானது. நீளத்தை எண்ணும்போதும் விழிப்பு வேண்டும்: “திருகோணமலை” என்பதில் நம் கண்ணுக்கு ஆறு எழுத்துகள், கணினி எழுத்துகளைப் பதியும் யூனிகோட் முறையிலோ பத்துக் குறிகள்.

இவ்வாறு 24 இணைகளை எழுதி, ஒரே வாசகர் ஓர் இணையின் இரு வடிவங்களையும் காணாதவாறு இரண்டு பட்டியல்களாகப் பிரியுங்கள். நோக்கம் வெளிப்படாதிருக்க, வேறு அமைப்புகள் கொண்ட வாக்கியங்களை இதன் இரு மடங்காகக் கலந்துவிடுங்கள். “வியாபாரியை ஏமாற்றியவர் மீனவரா?” என்பது போன்ற வினாக்களை இடையிடையே வையுங்கள்; விரைவாக அழுத்தியவர் விளங்கித்தான் அழுத்தினாரா என்பதை இவையே காட்டும்.

வாசகர்களைத் தெரிவுசெய்வதில் அவசரம் கூடாது. கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்து மாணவர்களை மட்டும் அழைப்பது எளிது. ஆனால் அவர்கள் நாள்தோறும் எழுத்துத் தமிழில் புழங்குபவர்கள். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, தம்பலகாமம் ஆகிய ஊர்களின் பேச்சுத் தமிழ் ஒன்றுபோல் இல்லாததால், ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒருவரையாவது வாக்கியங்களை முன்கூட்டியே வாசிக்கச் செய்து, அந்நியமாகப் படும் சொற்களை மாற்றிவிடுங்கள். பத்திரிகையையோ நூலையோ எவ்வளவு அடிக்கடி தமிழில் வாசிக்கிறார், வீட்டில் எம்மொழி பேசுகிறார் என்பவற்றையும் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பதியுங்கள். நிறுவனத்தின் நெறிமுறை அனுமதியும் வாசகரின் எழுத்துமூலச் சம்மதமும் இன்றித் தொடங்கலாகாது. இது அவர்களின் அறிவைச் சோதிக்கும் பரீட்சையன்று என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் ஒரே கணினி, ஒரே எழுத்துரு, ஒரே விசை. தகரக் கூரையில் மாரி மழை கொட்டும் பொழுதுகளையும் மின்தடை வரக்கூடிய வேளைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

எந்த நேரங்களை நீக்குவது, வினாக்களுக்கு எவ்வளவு தவறாக விடையளித்தவரை விலக்குவது என்ற முடிவுகளைத் தரவைப் பார்ப்பதற்கு முன்னரே எழுதித் தேதியிட்டு வைத்துவிடுங்கள். பார்த்த பிறகு எடுக்கும் முடிவு, விரும்பிய விடையின் பக்கமே சாயும். பகுப்பாய்வில் வாசகர்களின் வேறுபாட்டோடு வாக்கியங்களின் வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை ஹெர்பர்ட் கிளார்க் 1973இலேயே வலியுறுத்தினார். இன்று ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்க முடிகிறது. வேறுபாடு தென்படாவிட்டால் தடுமாற்றமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வாசகர் தொகை போதாமலும் இருந்திருக்கலாம். எந்த விடை வந்தாலும் 24 இணைகளையும் பெயர் நீக்கிய நேரப் பதிவுகளையும் முழுமையாக வெளியிடுங்கள். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இன்னொருவர் அதே வாக்கியங்களைக் கொண்டு மீண்டும் அளக்க அவை உதவும்.