உடைவதற்கென்றே ஒரு கண்ணாடி: சண்டைக் காட்சிக்குச் சர்க்கரைக் கண்ணாடி வார்ப்பது எப்படி

ஹாலிவுட் ஆக்‌ஷன் படங்களில் சிதறும் கண்ணாடி எல்லாம் ஒரே சரக்கு அல்ல. ஆள் உயர ஜன்னல், கடை முகப்பு என்றால் பெரும்பாலும் நிஜமான டஃபன்ட் (வலுவூட்டிய) கண்ணாடிதான். ஸ்டண்ட் கலைஞர் மோதுவதற்குக் கண நேரம் முன்பே, மூலையில் பொருத்திய சிறு வெடி அதை உடைத்துவிடும். அது கத்தி கத்தியாகப் பிளக்காமல் கல்கண்டு போலச் சின்னச் சின்னக் கட்டிகளாக உதிரும். உரிமம் பெற்ற எஃபெக்ட்ஸ் ஆட்களுக்கு மட்டுமே உரிய வேலை அது. பாட்டில், டம்ளர், சிறிய ஜன்னல் சட்டம் ஆகியவற்றுக்கு இப்போது எளிதில் நொறுங்கும் ரெசின் என்ற பிளாஸ்டிக் வகை வந்துவிட்டது. அதற்கு முன்னால் பல காலம் ஹாலிவுட் நம்பியிருந்தது சர்க்கரையை. கேண்டி கிளாஸ் என்று அதற்குப் பெயர். குறைந்த செலவில் சண்டைக் காட்சி எடுப்பவர்களுக்கு இன்றைக்கும் கைக்கு எட்டும் வழி இதுதான்.

இதை உடைப்பதில் ஒரு சிரமமும் கிடையாது. டேக் வரும்வரை அது உருகாமல், ஒட்டாமல், மங்காமல் காப்பாற்றுவதில்தான் பாடு. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் ஈரத்தைத் துரத்துவதற்காகத்தான்.

அளவு

30 × 20 சென்டிமீட்டரில், 4 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு: வெள்ளைச் சர்க்கரை 600 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 200 கிராம், தண்ணீர் 250 மில்லி. பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளில் லிக்விட் குளுக்கோஸ் கிடைக்கும். தேன் போலக் கெட்டியாக, நிறமில்லாமல் இருக்கும். அமெரிக்கச் செய்முறைகளில் கார்ன் சிரப் என்று வருவதற்குப் பதிலாக இதைப் போடலாம். க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புத் தூளைக் கால் டீஸ்பூன் சேர்க்கச் சொல்வார்கள். குளுக்கோஸ் இருக்கும்போது அது கட்டாயமில்லை.

குளுக்கோஸ் எதற்கு? சர்க்கரை ஆறும்போது அதன் மூலக்கூறுகள் வரிசை கட்டிப் படிகமாகப் பார்க்கும். படிகமானால் பாகு பூத்துப்போய்ப் பலகை வெள்ளையாகிவிடும். குளுக்கோஸ் நடுவில் புகுந்து அந்த வரிசையைக் கலைக்கிறது. புளிப்புப் பொருளும் சர்க்கரையின் ஒரு பகுதியை உடைத்து அதே வேலையைச் செய்கிறது. அதற்காக இரண்டையும் தாராளமாக ஊற்றிவிடாதீர்கள். அளவு மீறினால் பலகை காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுத்துப் பிசுபிசுக்கும். எலுமிச்சைச் சாறு பிழிந்து செய்யும் பலகைகள் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பாகு

முதலில் தெர்மாமீட்டரைச் சோதியுங்கள். கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் சென்னையில் 100 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். 97 காட்டினால், கீழே சொல்லும் எண்களில் 3 டிகிரியைக் கழித்துக்கொள்ளுங்கள். ஊட்டி போன்ற உயரமான ஊரில் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதிக்கும். அங்கும் அந்த வித்தியாசத்தைக் கழித்தால்தான் பதம் சரியாக வரும்.

அடிகனமான பாத்திரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து, சிறு தீயில் சர்க்கரை முழுக்கக் கரையும்வரை கிளறுங்கள். கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு கிளறினால் பூத்துவிடும். பாத்திரத்தின் உட்சுவரில் தெறித்து ஒட்டிய சர்க்கரையை ஈரமான பிரஷ்ஷால் பாகுக்குள்ளேயே கழுவி இறக்குங்கள். அதில் ஒரு மணி தப்பி விழுந்தாலும் போதும், மொத்தப் பாகும் அதைப் பிடித்துக்கொண்டு படிகமாகும்.

வெப்பம் 105 டிகிரி வரை சட்டென்று ஏறிவிடும். பிறகு தண்ணீர் ஆவியாக ஆவியாக மெதுவாகத்தான் ஏறும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அடி கருகும், பலகை தேநீர் நிறத்தில் வரும். குமிழ்களைக் கவனியுங்கள். தொடக்கத்தில் சிறிதாக, நுரையாக, சளசளவென்று பொங்கும். தண்ணீர் வற்றியதும் பெரிதாகி, கனத்து, நிதானமாக வெடிக்கும். 149 அல்லது 150 டிகிரியில் இறக்குங்கள். அந்த நிலையில் பாகில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் தண்ணீர் மிஞ்சியிருக்கும். 140இல் இறக்கினால் பலகை உடையாது, வளையும். 160ஐத் தாண்டினால் மஞ்சளிக்கும்.

கடலை மிட்டாய்க்குப் பாகு எடுத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பதம் தெரியும். ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்து ஒடித்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். பல்லில் ஒட்டினால் பதம் வரவில்லை என்று பொருள்.

இந்தச் சூட்டில் பாகு கொதிநீரைவிட மோசமாகச் சுடும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, மூடிய செருப்பு மூன்றும் வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். பிள்ளைகள் சமையலறைக்குள் வர வேண்டாம்.

வார்ப்பு

இறக்கியதும் பாத்திரத்தின் அடியைச் சில விநாடிகள் குளிர்ந்த நீரில் வையுங்கள், சூடு மேலே போகாமல் நிற்கும். பிறகு இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விட்டால் குமிழ்கள் மேலேறி அடங்கும். சமமான மேசையில் சிலிகான் மேட் விரித்து, சுற்றிலும் சட்டம் வைத்து, ஒரே இடத்தில், தாழ்வாக, நிறுத்தாமல் ஊற்றுங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று புகுந்து குமிழ் விழும். அலுமினியத் தாளும் பட்டர் பேப்பரும் வேண்டாம். அவற்றின் ஒவ்வொரு சுருக்கமும் பலகையில் பதிந்து கேமராவில் காட்டிக்கொடுக்கும். எண்ணெய் தடவினால் மேற்பரப்பு மங்கும்.

மின்விசிறிக்கு நேராக வைத்து ஆற்றாதீர்கள். மேல்புறம் முதலில் சுருங்கி, நடுவில் தானாகக் கீறல் விழும். லேசான வெதுவெதுப்பு இருக்கும்போதே மேட்டை அடியிலிருந்து உரித்தெடுங்கள். முழுக்க ஆறிய பிறகு இழுத்தால் மூலை உடையும்.

பாட்டிலுக்கு இரண்டு பாதியான சிலிகான் அச்சு வேண்டும். பாகை ஊற்றி, அச்சை எல்லாப் பக்கமும் உருட்டி, மிஞ்சியதை வடித்துவிட்டால் 2 முதல் 3 மில்லிமீட்டர் சுவர் நிற்கும். கழுத்தை மட்டும் இன்னொரு முறை ஊற்றிக் கனப்படுத்துங்கள். நடிகர் பிடிப்பது அங்கேதான், மெலிந்திருந்தால் ஓங்கும்போதே கையோடு வந்துவிடும். பீர் பாட்டில் பழுப்புக்குப் பொடி நிறம் சேர்க்கலாம். தண்ணீரில் கரைத்த நிறத்தை ஊற்றினால் பாகு தெறிக்கும், பதமும் இறங்கும்.

கனத்தில் ஆசைப்படாதீர்கள். தடித்த பலகை திரையில் நன்றாகத்தான் தெரியும், உடம்பில் இறங்குவதும் அதுதான். ஹாங்காங்கில் ஜாக்கி சான் எடுத்த போலீஸ் ஸ்டோரி (1985) படத்துக்கு வழக்கத்தைவிடத் தடித்த சர்க்கரைக் கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். அடிபட்ட ஸ்டண்ட் குழுவினர் அந்தப் படத்தைக் ‘கிளாஸ் ஸ்டோரி’ என்றே அழைத்தார்கள்.

செட்டுக்குப் போகும்வரை

கடலோர ஊரின் காற்றில் சர்க்கரைக் கண்ணாடியைத் திறந்து வைத்தால் சில மணி நேரத்திலேயே மேற்பரப்பு ஒட்டத் தொடங்கும். ஒவ்வொரு பலகைக்கும் நடுவே சிலிகான் தாள் வைத்து, காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பைகளோடு அடுக்குங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது. வெளியே எடுத்ததும் மேலே வியர்த்து, அந்த நீரே அதைக் கரைக்கும். டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைத்தால் எறும்பு அண்டாது. இதை மறந்துவிட்டால் விடியும்போது எறும்பு மொய்த்த கண்ணாடிதான் மிஞ்சும். படப்பிடிப்பன்று காலையில் வார்ப்பதே சிறந்தது. மழைக்காலமாக இருந்தால் சர்க்கரையைவிட ஐசோமால்ட் என்ற மாற்றுச் சர்க்கரை நல்லது. விலை கூடுதல், ஆனால் ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும், எளிதில் மஞ்சளிக்கவும் செய்யாது.

மூன்று டேக் திட்டமிட்டால் ஆறு உருப்படி வார்த்துக்கொள்ளுங்கள். ஒத்திகையில் ஒன்று, தூக்கி வரும்போது ஒன்று, சட்டத்தில் பொருத்தும்போது ஒன்று எப்படியும் போய்விடும். லைட்டிங்கும் ஃபோகஸும் பார்க்கும்போது அந்த இடத்தில் அக்ரிலிக் பலகை நிற்கட்டும், டேக்குக்கு முன்னால் மாற்றினால் போதும். பழைய டங்ஸ்டன் விளக்கின் சூட்டில் சர்க்கரை தொய்ந்துவிடும், எல்.இ.டி. என்றால் அந்தக் கவலை குறைவு. சட்டத்தில் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மாடலிங் களிமண் பொட்டு வைத்து நிறுத்துங்கள். இறுக்கிச் செருகினால் யாராவது கதவைச் சாத்தும் அதிர்ச்சிக்கே விழுந்துவிடும்.

டேக்

சர்க்கரைச் சில்லும் வெட்டும். பாட்டிலை முகத்தின் அருகே கொண்டு போகவே வேண்டாம். தோளின் பின்புறமோ மேல்முதுகோதான் இலக்கு, கேமராக் கோணம் அதைத் தலையாகக் காட்டிக்கொள்ளும். அடி வாங்குபவர் அந்தக் கணத்தில் கண்ணை மூட வேண்டும். கேமரா உதவியாளர்களுக்குக் கண்களைக் காக்கும் கவசம், லென்ஸுக்கு முன்னால் அக்ரிலிக் தடுப்பு. உடைவது ஒரே முறை என்பதால் இரண்டு கேமராக்களாவது ஓடட்டும். ஒன்றை விநாடிக்கு 96 ஃபிரேமில் வைத்தால் சிதறல் ஸ்லோ மோஷனில் அழகாக விரியும். ஒலி ஏமாற்றும்: சர்க்கரை உடையும்போது ‘கணீர்’ என்று வராது, மந்தமாக ‘பொறுக்’ என்றுதான் கேட்கும். நிஜக் கண்ணாடியின் ஓசையைப் பிறகு ஃபோலியில், அதாவது ஸ்டுடியோவில் தனியாக ஒலி பதிவு செய்யும்போது சேர்ப்பார்கள்.

உடைந்த சில்லுகளின் மேல் நடிகர் நடக்கவோ விழவோ வேண்டுமானால் அவற்றைப் பெருக்கி எடுத்துவிட்டு, ஒளி ஊடுருவும் சிலிகான் ரப்பர் துண்டுகளைப் பரப்புங்கள். வெறுங்காலில் ஓடும் காட்சிகளுக்காக டை ஹார்ட் (1988) படத்தில் புரூஸ் வில்லிஸுக்குக் கால் போலவே தோற்றமளிக்கும் ரப்பர் பாதங்களைச் செய்து மாட்டிவிட்டார்கள்.

டேக்குகளுக்கு நடுவே வெந்நீர்த் துணியால் தரையைத் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். சர்க்கரைத் தூள் ஈரம் பட்டால் முதலில் வழுக்கும், பிறகு ஒட்டும், அடுத்த டேக்கில் ஓடிவரும் ஸ்டண்ட் கலைஞரின் கால் அங்கேதான் சறுக்கும். வாரிய சில்லுகளை வெந்நீர் வாளியில் போட்டால் கரைந்துவிடும். கரையாமல் அடியில் ஏதாவது தங்கினால் அது நிஜக் கண்ணாடி. அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும்வரை அடுத்த டேக்கைத் தொடங்காதீர்கள்.