ஐப்பசி மழைக்கு முன்னால் ஃப்ளூ ஊசி: எப்போது, யாருக்கு, ஏன் வருஷா வருஷம்

வேலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் தடுப்பூசி அறை என் பொறுப்பு. ஆவணி பிறந்தாலே பெரியவர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: "ஏம்மா, போன வருஷம்தானே போட்டேன், மறுபடி எதுக்கு?" நியாயமான கேள்விதான். தட்டம்மை ஒருமுறை வந்தால் உடம்பு அதை ஆயுசுக்கும் மறப்பதில்லை. ஃப்ளூவில் அப்படி இல்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால் ஊசி போடும் நேரத்தையும் நீங்களே சரியாக முடிவு செய்யலாம்.

ஃப்ளூ வைரஸைச் சுற்றி முள்முள்ளாக இரண்டு புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும்: ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ். எச்1என்1, எச்3என்2 என்ற ஃப்ளூ வகைகளின் பெயர்களில் உள்ள 'எச்', 'என்' எழுத்துகள் இவற்றைத்தான் குறிக்கும். ஹீமக்ளூட்டினினை வைத்து வைரஸ் நம் மூக்கு, தொண்டை செல்களில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே பெருகிய புது வைரஸ்கள் செல்லை விட்டுக் கழன்று போக நியூராமினிடேஸ் உதவுகிறது.

கிருமி நுழைந்த சில மணி நேரத்திலேயே உடம்பு எதிர்க்கத் தொடங்கிவிடும். காய்ச்சல், அடித்துப் போட்ட மாதிரி உடம்புவலி எல்லாம் பெரும்பாலும் அந்த எதிர்ப்பின் வேலை. அப்புறம் ரத்த வெள்ளை அணுக்களில் டி செல்கள் என்ற வகை, வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிக்கும். பி செல்கள் என்ற இன்னொரு வகை, ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கும். இந்த ஆன்டிபாடி ஹீமக்ளூட்டினினின் தலைப்பகுதியில் போய் உட்கார்ந்துகொண்டால் வைரஸால் செல்லில் ஒட்ட முடியாது. நோய் தீர்ந்தபின், அந்தக் கிருமியை ஞாபகம் வைத்திருக்கும் நினைவு செல்கள் தங்கிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், இந்த வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது பிழைகள் விழுந்துகொண்டே இருக்கும். அந்தத் தலைப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக உருமாறும். பழைய சாவி புதுப் பூட்டில் பாதி நுழைந்து நிற்கிற மாதிரி, பழைய ஆன்டிபாடி அரைகுறையாகத்தான் பிடிக்கும். போதாததற்கு, ஊசியால் வந்த ஆன்டிபாடியின் அளவும் மாதங்கள் போகப் போகக் குறையும். ஆனாலும் பழைய நினைவு வீணாவதில்லை. 2009இல் புது எச்1என்1 உலகம் முழுக்கப் பரவியபோது, இளையவர்களைவிட வயதானவர்களுக்குத் தொற்று குறைவாகவே வந்தது. 1957க்கு முன் சுற்றிய எச்1என்1 வகைகளைச் சின்ன வயதில் சந்தித்த உடம்புகள் அவை.

ஊசிப் பெட்டியைக் கையில் வாங்கிப் படித்துப் பாருங்கள். 'ஏ/விக்டோரியா/4897/2022 (எச்1என்1)' என்பது போல ஒரு வரி இருக்கும். ஏ என்பது வகை, விக்டோரியா அந்தக் கிருமியைக் கண்டெடுத்த ஆஸ்திரேலிய மாநிலம், 4897 ஆய்வக எண், 2022 எடுத்த ஆண்டு. உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இருமுறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், எந்தெந்தக் கிருமிகளைச் சேர்க்கலாம் என்று பரிந்துரைக்கும். அதனால் எந்தப் பருவத்துக்கான ஊசி என்பதையும் காலாவதித் தேதியையும் பார்த்த பிறகே கையை நீட்டுங்கள். மருந்துக்கடையில் நீங்களே வாங்கி வருவதாக இருந்தால் ஐஸ் பையோடு கேளுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. ஆனால் ஐஸ்கட்டி நேராகப் படக் கூடாது, உறைந்துபோனால் குப்பைக்குத்தான்.

எப்போது போடுவது? வட இந்தியாவில் பல ஊர்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ உச்சத்தில் இருக்கும். சென்னையிலும் எங்கள் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் ஏறும். ஊசி போட்டு ஆன்டிபாடி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஆகவே ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் போட்டுவிடுங்கள். தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

வீட்டில் எல்லோருக்கும் போட முடியாவிட்டால் கர்ப்பிணி, 65 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள் முதலில். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. கர்ப்பத்தில் அம்மா போட்டுக்கொண்டால் அவளுடைய ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியே போய்க் குழந்தையை முதல் சில மாதங்கள் காக்கும். ஆறு மாதம் முதல் எட்டு வயது வரை உள்ள குழந்தைக்கு முதல்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் தேவை. அதன் உடம்புக்கு ஃப்ளூ புதுசு, முதல் டோஸ் அறிமுகம் மட்டும்தான்.

அன்று காய்ச்சல் இருந்தால் தள்ளிவையுங்கள். முன்பு இதே ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போட்டபின் பதினைந்து நிமிஷமாவது உட்கார்ந்துவிட்டுப் போங்கள். ஒன்றிரண்டு நாள் கைவலி, லேசான காய்ச்சல் சகஜம். ஊசியில் இருப்பது செத்த கிருமியின் துண்டுகள்தான், அதனால் ஊசியே ஃப்ளூவை உண்டாக்காது.

"ஊசி போட்டும் சளி பிடிச்சுதே சிஸ்டர்" என்பார்கள். சளிக்கு வேறு வைரஸ்கள் நிறைய இருக்கின்றன. ஃப்ளூவே வந்தாலும், ஊசி போட்டவர்கள் நிமோனியாவாகி ஆஸ்பத்திரியில் படுக்கும் வாய்ப்பு குறைவு. நான் இதை விடாமல் சொல்வது அதற்காகத்தான்.

மழைக்காலத்தில் பெரியவருக்குத் திடீரென்று காய்ச்சலும் இருமலும் வந்தால், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்காதீர்கள், அது வைரஸை ஒன்றும் செய்யாது. ஓசெல்டாமிவிர் என்ற மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ இரவானாலும் காத்திருக்க வேண்டாம்.