சாறிக் கலரை மாத்தேக்க மடிப்பைத் துலைச்சுப்போடாதேங்கோ

திருகோணமலையில இப்ப கனபேர் வீட்டில இருந்தே சாறி, சல்வார் எண்டு போன்ல படமெடுத்துப் போட்டு விக்கினம், ஒரு டிசைன் ஆறு கலர்ல வந்தா ஒண்டை மட்டும் எடுத்துப்போட்டு மிச்சத்தை எடிட் பண்ணித் தரச்சொல்லி என்னட்ட வருவினம், தாங்கள் செய்துபாத்த படத்தையும் காட்டுவினம். முக்கால்வாசியும் பெயின்ட் பக்கெட்டால, அதான் ஒரு இடம் முழுக்க ஒரே கலரை நிரப்பிற கருவியால, ஊத்தினது. சாறி கலர்ப் பேப்பர் வெட்டி ஒட்டின மாதிரிக் கிடக்கும்.

மடிப்பு எங்கட கண்ணுக்குத் தெரியிறதே வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வாறதாலதான், பக்கெட் அதை அப்பிடியே மூடிப்போடும். போட்டோஷொப்பில படத்துக்கு மேல ஒரு புது லேயரை (கண்ணாடித்தாள் மாதிரி ஒரு அடுக்கு) வச்சு அதில கலரைப் போட்டு, பிளெண்ட் மோடை (அந்த அடுக்கு கீழ இருக்கிற படத்தோட கலக்கிற விதம்) 'கலர்' எண்டு மாத்துங்கோ, கிம்ப் எண்ட இலவச எடிட்டிங் மென்பொருளில அதுக்குக் கிட்டடி 'எல்சிஎச் கலர்'. வெளிச்சம் கீழ இருக்கிற படத்தில இருந்து வரும், நிறம் மட்டும் மாறும்.

ஆனா இதிலயும் ஒரு இடத்தில எல்லாரும் மாட்டுப்படுவினம். உப்புவெளியில ஒரு அக்கா கடும் நீலச் சாறியைக் கொய்யகம் பிடிச்சு பாயில விரிச்சு எடுத்த படத்தைத் தந்து மஞ்சளாக்கக் கேட்டவ, கலர் மோடில போட்டா மஞ்சள் வரேல்லை, பாசி பிடிச்ச மண்ணிறம்தான் வந்தது. போட்டோஷொப்பின்ர கணக்குப்படி வெள்ளை 100 எண்டா முழு மஞ்சளின்ர வெளிச்சம் 89, முழு நீலத்துக்கு வெறும் 11 தான், அந்த 11ஐ வச்சுக்கொண்டு மஞ்சளைத் தா எண்டா எங்கால தரும்? முதல்ல கர்வ்ஸால (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வளைகோடு) துணியை வெளிச்சமாக்கோணும், அதிலயும் கர்வ்ஸின்ர அடிப்பக்கத்தில ஒரு புள்ளியைக் குத்தி வையுங்கோ, கொய்யகத்துக்குள்ள இருக்கிற ஆழமான கறுப்பு மேல வந்திட்டா சாறி தட்டையாப்போயிடும். பிறகுதான் கலர்.

வெள்ளைத் துணிக்கு ஹியூவை (நிறத்தை மாத்திற சிலைடரை) எவ்வளவு இழுத்தாலும் ஒண்டும் நடக்காது, அதில மாத்திறதுக்கு நிறமே இல்லை, கீழ இருக்கிற நிழலோட சேத்துக் கலரைக் கடுமையாக்கிற மல்டிப்ளை மோடில போடுங்கோ. மத்தியான வெயிலில எடுத்து மடிப்பெல்லாம் வெளுத்துப்போன படமெண்டா அதுகும் உதவாது, காலமை விறாந்தை நிழலில திரும்ப எடுக்கிறதுதான் வழி. கறுப்பை வெளிச்சமாக்கப் போனா புள்ளி புள்ளியா நொய்ஸ் கிளம்பும். அதால ஆறு கலரில எது கொஞ்சம் வெளிறின கலரோ, சாம்பலோ சந்தனமோ, அதைப் படமெடுங்கோ, அதில இருந்து மற்ற அஞ்சும் சுகமா வரும்.

சரிகைக் கரையில கலர் படாம மாஸ்க் பண்ணி மறைக்க மறக்கவேண்டாம், தங்கச் சரிகை பச்சையா நிண்டா ஆரும் வாங்காயினம்.

படத்தை வாட்ஸப்பில அனுப்பேக்க டொகியுமென்டா அனுப்புங்கோ, சும்மா போட்டோவா அனுப்பினா அது சுருக்கிப்போடும், கலர் மாத்தேக்க கரையோரமெல்லாம் கட்டம் கட்டமா வரும். முடிஞ்சதும் போனில திரையை மஞ்சளாக்கிற நைட் மோடை நிப்பாட்டிப்போட்டு அந்தக் கலர்ச் சாறியைத் திரைக்குப் பக்கத்தில பிடிச்சுப் பாருங்கோ, மூதூரில இருந்து ஓடர் பண்ணிற பிள்ளை அந்தப் படத்தை நம்பித்தான் காசு போடுது.