பழைய டெலிஃபோட்டோ லென்ஸை விற்பதற்கு முன்

போன வாரம் ஒரு தம்பி நிக்கார் 180 மி.மீ. எஃப் 2.8 இ.டி. என்ற பழைய டெலிஃபோட்டோ (தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும்) லென்ஸை மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவில் மாட்டிக்கொண்டு வந்தார். "பேர்தாண்ணே பெரிசு. சாயங்காலம் எடுத்தா ஒண்ணுகூட ஷார்ப்பா வர்றதில்ல. வித்துடலாம்னு இருக்கேன்" என்றார். கேமராவை வாங்கி, நடுக்கத் தடுப்புக்கு லென்ஸின் மி.மீ. எண்ணைக் கொடுக்கும் மெனுவைத் திறந்தேன். நான் பயந்த எண்தான் அங்கே இருந்தது: 50.

மூடியைக் கழற்ற மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் அதெல்லாம் தானாகத் திருந்திவிடும். பழி லென்ஸ் மேல் விழுகிற தவறுகளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நடுக்கத் தடுப்பில் தவறான எண்

இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் சென்சாரே நகர்ந்து கை நடுக்கத்தைச் சரிசெய்கிறது. எவ்வளவு நகர வேண்டும் என்பது லென்ஸின் குவியத் தூரத்தை, அதாவது அதன் மேல் மி.மீ.-ல் எழுதியிருக்கும் எண்ணைப் பொறுத்தது. கை ஒரே அளவு ஆடினாலும், 50 மி.மீ. லென்ஸில் பிம்பம் நகர்வதைவிட 200 மி.மீ. லென்ஸில் நான்கு மடங்கு நகரும். மின் தொடர்புள்ள புது லென்ஸ் தன் குவியத் தூரத்தைக் கேமராவுக்குத் தானே சொல்லிவிடும். பழைய லென்ஸ் எதுவும் சொல்லாது, நாம்தான் மெனுவில் எண்ணைப் போட வேண்டும். போடாவிட்டால் முன்பு கொடுத்த எண்ணே தொடரும்.

200 மி.மீ. லென்ஸுக்கு 50 என்று இருந்தால் கேமரா கால்வாசி நடுக்கத்தைத்தான் திருத்தும், முக்கால்வாசி அப்படியே படத்தில் விழும். தலைகீழாகப் போனால் இன்னும் மோசம். 200 என்று வைத்துவிட்டு 50 மி.மீ. லென்ஸை மாட்டினால், சென்சார் தேவைக்கு நான்கு மடங்கு ஓடும். நடுக்கத் தடுப்பை அணைத்துவிட்டு எடுத்திருந்தால்கூட அதைவிட நல்ல படம் கிடைத்திருக்கும்.

இந்தத் தவறால் நான் கேனானின் பழைய எஃப்.டி. வகை 200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் ஒன்றை இழந்தேன். மாதக்கணக்கில் படமெடுத்துப் பார்த்துவிட்டுத்தான் விற்றேன், அவசரப்பட்டு விற்கவில்லை. பகலில் எஃப் 8-ல், அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) சிறிதாக்கி எடுத்தவை தெளிவாக இருந்தன. மாலையில் எஃப் 2.8-ல், அதை முழுதாகத் திறந்து எடுத்தவை குழம்பியிருந்தன. அப்படியானால் முழுதாகத் திறந்தால் இந்த லென்ஸ் மந்தம் என்று முடிவு கட்டினேன். பகலில் ஷட்டர் 1/1000-க்கு மேல் ஓடியது, மாலையில் 1/60-க்கு இறங்கியது என்பதை யோசிக்கவே இல்லை. ஷட்டர் வேகம் மறைத்துவைத்த நடுக்கத்தை அபெர்ச்சரின் குற்றமாக எடுத்துக்கொண்டேன். வாங்கியவர் அடுத்த மாதமே எஃப் 2.8-ல் எடுத்த ஒரு மீன்கொத்திப் படத்தைக் காட்டினார். இறகு இறகாக எண்ணலாம். இன்றும் அந்தப் படத்தை நினைத்தால் மனசு ஆறவில்லை.

அதனால் லென்ஸ் மாற்றியதும் முதல் வேலை எண்ணை மாற்றுவதுதான். அந்த மெனுவை ஒரு பட்டனுக்குக் கொடுத்து வையுங்கள். லென்ஸ் மேல் எழுதியிருக்கும் எண்ணையே போடுங்கள். சிறிய சென்சார் என்பதற்காக 1.5-ஆல் பெருக்க வேண்டாம். குவியத் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வர்ட்டரை, 2 மடங்கு வகையில் போட்டால் மட்டும் 200 என்பது 400 ஆகும். லென்ஸ் மேல் சந்தேகம் வந்தால் ட்ரைபாடில் வைத்து, நடுக்கத் தடுப்பை அணைத்து, டைமரில் எஃப் 2.8-லும் எஃப் 8-லும் ஒரே காட்சியை எடுத்துப் பாருங்கள். அதற்கப்புறம் லென்ஸைப் பற்றிப் பேசலாம்.

பீக்கிங்கை மட்டும் நம்புவது

பீக்கிங் என்பது தெளிவாக விழும் விளிம்புகளைக் கேமரா வண்ணத்தில் காட்டும் வசதி. விளிம்புகளில் வண்ணம் மினுங்கியதும் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். 200 மி.மீ. எஃப் 2.8-ல், 5 மீட்டரில் நிற்கும் ஒருவரை ஃபுல்ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள) சென்சாரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 10 செ.மீ.தான். பீக்கிங் அதற்கு முன்னாலும் பின்னாலும்கூட மினுங்கும். கண்ணில் வைத்த ஃபோகஸ் காதுக்குப் போவது இப்படித்தான். பீக்கிங்கில் தோராயமாகப் பிடித்துவிட்டு, வ்யூஃபைண்டரில் காட்சியைப் பெரிதாக்கி இமை முடியைப் பார்த்து முடியுங்கள்.

முடிவிலிக் குறியில் வளையத்தை முட்டவைப்பது

எஃப்.டி. மவுண்டுக்கும் (கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும்) ஃபிலிமுக்கும் இடையே 42 மி.மீ., கேனானின் பிந்தைய இ.எஃப். மவுண்டில் 44. அதனால் உள்ளே லென்ஸ் கண்ணாடி இல்லாத அடாப்டர் (இணைப்பு வளையம்) வைத்து, இ.எஃப். மவுண்டுள்ள டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள) கேமராக்களில் எஃப்.டி. லென்ஸால் தொலைவுக்கு ஃபோகஸ் செய்ய முடியாது. சோனி இ மவுண்டில் 18 மி.மீ.தான் என்பதால் 24 மி.மீ. வெற்றுக் குழாய் போதும். மிரர்லெஸ் வந்தபின் இந்த லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்ததே இதனால்தான். ஆனால் அடாப்டர்கள் பலவற்றை வேண்டுமென்றே ஒரு முடி குறைத்துச் செய்கிறார்கள், அதனால் வளையம் முட்டும் இடம் முடிவிலியை (மிகத் தொலைவுக்கான ஃபோகஸை) தாண்டிவிடும். அதோடு, நீண்ட டெலிஃபோட்டோக்கள் வெப்பத்தில் விரிவதற்கு இடம் விட்டு முடிவிலியைத் தாண்டியும் திரும்பும். வளையத்தைக் கடைசிவரை திருப்பிவிட்டு நிலாவை எடுத்தால் மங்கலாகத்தான் வரும்.

அடாப்டரின் பூட்டு வளையத்தைக் கவனிக்காதது

எஃப்.டி. அடாப்டரில் லென்ஸின் அபெர்ச்சரை இயக்கும் இந்த வளையம் திறந்த பக்கம் இருந்தால், லென்ஸில் எஃப் 8 என்று வைத்தாலும் அபெர்ச்சர் இதழ்கள் மூடாது.

டார்ச் அடிக்காமல் வாங்குவது

முன் கண்ணாடி பளிச்சென்று இருப்பதால் எதுவும் தெரியாது. அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். வலைபோல் கிளைத்திருந்தால் பூஞ்சை, பால்போல் படர்ந்திருந்தால் உள்ளே புகைபடிந்திருக்கிறது. இரண்டு தூசிக்காக நல்ல லென்ஸை விட்டுவிடாதீர்கள், தூசி படத்தில் தெரியாது. படர்ந்த புகை காட்சியையே வெளுக்க வைக்கும்.

கனமான லென்ஸைக் கேமராவில் தொங்கவிடுவது

300 மி.மீ. எஃப் 2.8 எல்லாம் 2 கிலோவைத் தாண்டும். லென்ஸின் காலரை (ட்ரைபாடில் பொருத்த லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தை) பிடியுங்கள், கேமரா அதில் தொங்கட்டும்.

சூரியன் பக்கம் திருப்பி வைப்பது

இந்த லென்ஸ்கள் தாமாக அபெர்ச்சரை மூடிக்கொள்ளாது, மிரர்லெஸ்ஸில் ஒளியைத் தடுக்கப் பிரதிபலிக்கும் கண்ணாடியும் இல்லை, வெயில் நேரே சென்சாரில் குவியும். கீழே வைத்தால் மூடியைப் போடுங்கள்.