சிம்னி, எக்ஸாஸ்ட் ஃபேன் பிசுக்கை எடுப்பது எப்படி?

போன மாதம் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். சிம்னி ஓரத்திலிருந்து டிகாஷன் நிறத்தில் ஒரு சொட்டு, பக்கத்து அடுப்பில் நுரை கட்டிக்கொண்டிருந்த ரசத்தில் நேராக விழுந்தது. ரசத்தைக் கொட்டிவிட்டு அன்று மதியமே சிம்னி, எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டையும் கழற்றிப் போட்டேன். நாலு மாதமாகத் தள்ளிப்போட்ட வேலை.

தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை படிந்த புதிதில் துணியால் துடைத்தாலே வந்துவிடும். அதை விட்டுவிட்டால் சூடும் காற்றும் பட்டுப் பட்டு இறுகி, வார்னிஷ் அடித்த மாதிரி ஆகி, அதன்மேல் தூசியும் ஒட்டடையும் அப்பிக்கொள்ளும். அதைக் கம்பி நாரால் தேய்த்தால் நம் தோள்பட்டைதான் போகும். சுடுதண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து ஊறவிட்டால் பிசுக்கில் ஒரு பங்கு சோப்பாகவே மாறிவிடும், மீதியும் இளகிவிடும்.

முதலில் எக்ஸாஸ்ட் ஃபேன். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயின் போர்டில் இருக்கும் எம்சிபியையும் (அந்த லைனுக்கான மின்சாரத்தையே நிறுத்தும் ஸ்விட்ச்) இறக்கிவிடுங்கள். நீங்கள் ஸ்டூல் மேல் நிற்கும்போது வீட்டில் யாராவது பழக்கதோஷத்தில் ஸ்விட்சைத் தட்டிவிடுவார்கள். அடுப்பு மேல் பழைய பேப்பரை விரித்துவிட்டு முன்பக்க வலையைக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் றெக்கையை நடுவில் பிடித்திருக்கும் மூடி சில ஃபேன்களில் தலைகீழ் மரையாக இருக்கும், அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் இடப்பக்கமே முறுக்கிக்கொண்டிருந்தால் மூடி உடையும், அதற்கு மட்டும் தனியாகக் கடை கடையாக அலைய வேண்டியிருக்கும்.

கழற்றியதை உடனே தண்ணீரில் போடாதீர்கள். தடிப்பாக அப்பியிருப்பதைப் பழைய ஏடிஎம் கார்டால் வழித்து, பேப்பரில் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். சிங்க்கில் விட்டால் குழாய்க்குள் ஆறி இறுகி அடைத்துக்கொள்ளும். அப்புறம் அரை பக்கெட் சூடான தண்ணீர், நாலு மேசைக்கரண்டி சலவை சோடா, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் றெக்கைக்குக் கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வளைந்துவிடும். அரைமணி நேரம் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு வந்து பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும்.

இங்கே நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதே பக்கெட்டில் சிம்னியின் வலை ஃபில்டரையும் போட்டுவிட்டேன். அது அலுமினியம். அரைமணி கழித்து எடுத்தால் வெள்ளி நிறமெல்லாம் போய் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. அலுமினியத்துக்குச் சோடா ஆகாது. சுடுதண்ணீரும் பாத்திரத் திரவமும் போதும், இல்லாவிட்டால் சீயக்காய்த் தூளைக் குழைத்துப் பூசிக் கொஞ்ச நேரம் விட்டுக் கழுவலாம். நம் பாட்டிகள் எண்ணெய்ப் பாத்திரத்துக்குச் செய்ததுதான். பட்டை பட்டையாக இருக்கும் பேஃபிள் ஃபில்டர்கள் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அவற்றைத் தைரியமாகச் சோடாவில் போடலாம்.

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு அழுக்கு ஓடும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வினிகரின் அமிலமும் சோடாவின் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு இரண்டும் வீணாகிவிடும். அதைவிட முக்கியம், ப்ளீச்சிங் பவுடரையும் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வந்து மூச்சைப் பிடித்துவிடும்.

மோட்டார் மேல் தண்ணீர் தெளிக்கவே கூடாது. நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, காற்றுத் துளைகளில் இருக்கும் தூசியைக் காய்ந்த பெயின்ட் பிரஷால் தட்டிவிடுங்கள். கையால் சுற்றிப் பார்த்து இறுக்கமாக இருந்தால் தண்டு நுழையும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளாக நாளாகப் பசையாகிவிடும். உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் கெப்பாசிட்டர் போயிருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சிம்னிக்கு வருவோம். தினமும் தாளிப்பு, வாரம் இரண்டு நாள் பொரியல் வறுவல் என்று சமைக்கிற வீட்டில் மாதத்துக்கு ஒரு தடவையாவது ஃபில்டரைக் கழுவ வேண்டும். கரி ஃபில்டர் இருந்தால் அதைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஆட்டோ கிளீன் சிம்னி வாங்கியவர்கள் கையே வைக்க வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது உள்ளே சூடாக்கி எண்ணெயை இளக்கிக் கீழே இருக்கும் கிண்ணத்தில் வடியவிடும், அவ்வளவுதான். கிண்ணத்தைக் கொட்டுவது நம் வேலை. அப்படி ஒரு கிண்ணம் இருப்பதே தெரியாமல் இரண்டு வருடம் ஓட்டிய ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

என் ரசத்தில் விழுந்த சொட்டு கிண்ணத்திலிருந்து வரவில்லை. சிம்னியிலிருந்து வெளிச்சுவருக்குப் போகும் அலுமினியக் குழாய் நடுவில் தொய்ந்து, அந்தப் பள்ளத்தில் எண்ணெய் தேங்கி, நிரம்பித் திரும்பி வழிந்திருக்கிறது. குழாய் எவ்வளவு குட்டையாக, நேராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தொய்வை இழுத்து கிளாம்ப் போட்டேன். பிசுக்குப் பிடித்த குழாய் தீப்பிடிக்கவும் செய்யும் என்பதால் பாத்திரம் வைக்காமல் அடுப்பைப் பெரிதாக எரியவிடாதீர்கள். வெளிப்பக்க வாயையும் எட்டிப் பாருங்கள், எங்கள் வீட்டில் புறா சுள்ளி சேர்க்க ஆரம்பித்திருந்தது.

எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டி, ஒரு காகிதத்தை ஃபில்டரில் வைத்துப் பாருங்கள். ஒட்டி நின்றால் இழுவை சரி. நிற்கவில்லை என்றால் பயந்துவிடாமல் சமையலறைக் கதவைத் திறந்து இன்னொரு தடவை பாருங்கள். உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் எந்த மெஷினாலும் வெளியே தள்ள முடியாது. ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் ஜன்னலைத் திறக்காதீர்கள், அது அந்த ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும், புகை அடுப்பு மேலேயே நிற்கும்.