வலையும் எஞ்சினும் லொறியில் ஏற்றுவது எப்படி: முதல் ஹயருக்கு (கூலி ஓட்டத்துக்கு) முன் செய்யவேண்டியவை

போன பங்குனியில் கிழக்கிலங்கையில் வாழைச்சேனையிலிருந்து பொத்துவிலுக்கு ஒருவருடைய வாடி (கடற்கரை மீனவர் குடில்) சாமான் முழுவதையும் ஏற்றிக்கொண்டு போனேன். வலை, இரண்டு படகு எஞ்சின், நங்கூரம், கயிறு, மிதப்பு. வாடைக் காற்று ஓய்ந்து கிழக்குக் கடல் அடங்கும் நேரம். கரை மாறித் தொழில் செய்கிறவர்கள் எல்லோரும் அப்போதுதான் வாகனம் தேடுவார்கள். சின்ன லொறி வைத்திருக்கிற பல தம்பிமார் இந்த வேலையில் இறங்குகிறார்கள். நான் மூன்று வருடமாகப் பட்டுத் தெரிந்துகொண்டதை அவர்களுக்காக எழுதுகிறேன். என்னிடம் இருப்பது டிமோ பட்டா என்ற சின்ன லொறி. கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

1. பத்திரங்கள்

வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ், லொறி என்பதால் தகுதிச் சான்றிதழ். இவை ஒன்றோடொன்று கோர்த்தவை. புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் தரமாட்டார்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தில் வகுப்பைப் பாருங்கள். மொத்த நிறை 3500 கிலோவுக்கு மேற்படாத வாகனத்துக்கு பி போதும். அதைத் தாண்டி 17000 கிலோ வரை சி1 வேண்டும். லேண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில்) பெட்டி கொழுவி வலை இழுப்பவர்களுக்கு ஜி1. இரவல் லொறி எடுத்து ஓடுகிறவர்கள் இதில்தான் பிடிபடுகிறார்கள். பட்டா ஓட்டிப் பழகிய கை, அண்ணனுடைய பெரிய லொறியையும் எடுத்துவிடும். அனுமதிப்பத்திரம் பியிலேயே நிற்கும்.

2. காப்புறுதியில் "பாவனை" என்ற கட்டம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அடிபட்ட இடம் இதுதான்.

லொறி வாங்கிய புதிதில் அப்பாவின் வலையை மட்டும்தான் ஏற்றினேன். காப்புறுதிப் படிவத்தில் பாவனை என்ற இடத்தில் சொந்தத் தேவை என்று போட்டிருந்தது. அப்போது அது உண்மைதான். பிறகு அயலில் உள்ளவர்கள் கேட்டார்கள், காசு வாங்கிக்கொண்டு ஏற்ற ஆரம்பித்தேன். பத்திரத்தை மாற்ற வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை.

ஒரு இரவு களுவாஞ்சிகுடிக்குக் கிட்ட நடு றோட்டில் மாடுகள் படுத்திருந்தன. எங்கள் பக்கத்தில் இரவில் ஓடுகிறவர்களுக்கு இது தெரியும், தாரில் பகல் சூடு இருக்கும், அதில் வந்து படுக்கும். சடாரென்று பிறேக் பிடித்தேன். பின்னால் இருந்த வலைப் பொதி முன்னால் சரிந்தது, லொறி பக்கவாட்டில் இழுபட்டு மதிலில் போய் மோதியது. மறுநாள் காப்புறுதியிலிருந்து பார்வையிட வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இந்த வலை ஆருடையது?" இரண்டாவது கேள்வி, "எவ்வளவு வாங்கினீங்க?" நான் உள்ளதைச் சொன்னேன். லொறியைத் திருத்த ஒரு சதமும் கிடைக்கவில்லை. கதவும் முன் சில்லும் என் கைக்காசில்தான் மாற்றினேன்.

ஆகவே முதல் ஹயர் ஓடுவதற்கு முன்னரே காப்புறுதி அலுவலகத்துக்குப் போய், வாடகைக்குப் பொருள் ஏற்றும் வாகனம் என்று மாற்றச் சொல்லுங்கள். கட்டணம் கூடும். கூடட்டும். முகவரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், மாற்றிய பத்திரம் கையில் வந்த பிறகு ஓடுங்கள். கூலிக்கு வலை ஏற்றுகிறேன் என்றே சொல்லுங்கள். "பொருட்கள்" என்று பொதுவாகச் சொன்னால் பின்னால் வேறு கேள்வி வரும்.

3. நிறை

லொறியின் பக்கத்தில் வெறும் நிறையும் மொத்த நிறையும் எழுதியிருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஏற்றக்கூடிய அளவு வரும். பட்டாவுக்கு அது ஏறத்தாழ 750 கிலோ. கூட வருகிற ஆட்களின் நிறையையும் இதற்குள் வைத்தே பாருங்கள்.

வலையின் நிறையைக் கண்ணால் மதிக்க முடியாது. காய்ந்த வலை பெரிதாகத் தெரியும், பாரம் குறைவு. நனைந்தது சுருங்கிக் கிடக்கும், பாரம் அதிகம். ஈயக்குண்டு கோர்த்த அடிக்கயிறு ஒன்றைத் தனியாகத் தூக்கிப் பார்த்தால் விளங்கும். 25 குதிரைவலு எஞ்சின் ஒன்று 50 கிலோ வரை வரும். அம்பாறைப் பக்கம் நெல் ஆலைகளில் லொறித் தராசு இருக்கிறது. ஒரு தடவை ஏற்றிக்கொண்டு போய் நிறுத்துப் பாருங்கள், அதன் பிறகு கைக்கே கணக்குப் பிடிபடும். முடியுமானால் ஒரு பகல் வெயிலில் வலையை விரித்துக் காயவைத்து ஏற்றச் சொல்லுங்கள். ஈரம் சொட்டச் சொட்டப் போனால் பின்னால் வருகிற மோட்டார்சைக்கிள் வழுக்கும். அது இன்னொருவர் உயிர்.

4. வலைக்கும் எஞ்சினுக்கும் ஆதாரம்

தங்கூசி வலை 2006 முதல் தடை. நீங்கள் வலைக்காரர் அல்ல, வெறும் சாரதி. ஆனால் சோதிக்கிறவர்கள் படங்கைக் கிளப்பிப் பார்க்கும்போது லொறியில் இருப்பது நீங்கள்தான். ஆகவே ஏற்றும் முன் பொதியை அவிழ்க்கச் சொல்லி ஒரு கண்ணியை இரண்டு விரலால் பிரித்துப் பாருங்கள். நைலோன் வலை பல மெல்லிய இழை முறுக்கிய நூல், நுனியைத் திரித்தால் பிரியும். தங்கூசி ஒரே இழை, தூண்டில் நரம்பு மாதிரி விறைப்பாக, கண்ணாடிபோல் இருக்கும். அப்படி இருந்தால் ஏற்றாதீர்கள், எவ்வளவு பழகியவர் என்றாலும். மீன் பிடிக்க வெடிமருந்து ஏற்றச் சொன்னாலும் இதே பதில்தான்.

எஞ்சின் களவு போகிற பொருள். இரவில் இரண்டு எஞ்சினோடு போகிற லொறியைப் பொலிஸ் மறிப்பது நியாயம். வாங்கிய ரசீதின் பிரதி, படகுப் பதிவின் பிரதி, உரிமையாளருடைய அடையாள அட்டைப் பிரதி, அவர் கையெழுத்து வைத்த ஒரு கடதாசி. அந்தக் கடதாசியில் எஞ்சின் இலக்கத்தை எழுதியிருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தொலைபேசியில் படம் எடுத்து வைத்தால் போதாதா என்பார்கள். பற்றரி இறங்கினால் என்ன செய்வது? கடதாசிதான் நல்லது.

5. ஏற்றுதல்

எஞ்சினைப் படுக்கவைக்கும்போது மேல்பக்கம் எப்போதும் காற்றாடிப் பக்கத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். கீழே தங்கிய உப்புநீர் உள்ளே ஓடிவிட்டால் எஞ்சின் பழுது, பழி உங்களுக்கு. மடித்த பழைய வலையைத் தலையணை போல வைத்துச் சரியுங்கள். டாங்கியில் எண்ணெய் இருக்கக் கூடாது. மண்ணெண்ணெய்க் கேன்களை நான் ஏற்றுவதே இல்லை, பொத்துவிலிலும் கிடைக்கும்.

நங்கூரமும் ஈயக் கயிறும் அடியில், பின் அச்சுக்கு முன்னால். அதன்மேல் வலை. மிதப்பு கடைசியாக. கட்டுவதற்கு நைலோன் கயிறு வேண்டாம், வழுக்கி நெகிழும். நான் இறுக்கிப் பூட்டுகிற பட்டி வாங்கினேன், விலை கூடத்தான், மூன்று வருடமாக ஒன்றும் அறவில்லை. பத்து கிலோமீற்றர் போனதும் நிறுத்தி ஒருதரம் இறுக்குங்கள். வலை அமுங்க அமுங்கக் கட்டு தளரும். வாழைச்சேனையிலிருந்து வந்தால் நான் மாவடிவேம்பில் ஒருதரம், கல்லடிப் பாலம் தாண்டி ஒருதரம் பார்ப்பேன்.

மேலே படங்கு. வெயில் நைலோனைத் தின்னும். பின்னால் கம்போ துடுப்போ நீண்டால் நுனியில் பகலில் சிவப்புத் துணி, இரவில் சிவப்பு விளக்கு. வலைக்கு மேல் ஆட்களை ஏற்றாதீர்கள். "இஞ்சதானே, பாலமுனை வரைக்கும்" என்று ஏறுவார்கள். இறக்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: நிந்தவூரிலிருந்து ஒருவர், பைபர் போட்டையே டிரெய்லரில் இழுக்கலாமா என்று கேட்டிருந்தார். பி வகுப்புக்கு டிரெய்லரின் வெறும் நிறை 250 கிலோவைத் தாண்டக் கூடாது. டிரெய்லரும் பதிவு செய்யவேண்டிய வாகனம். பட்டறையில் ஒட்டி எடுத்து இலக்கத் தகடு இல்லாமல் ஓடுவதைப் பார்க்கிறேன், அதைச் செய்யாதீர்கள். இன்னொருவர் லொறிக்கு மேல் இரும்புச் சட்டம் அடித்து வலையை உயரத்தில் ஏற்றலாமா என்றார். லொறியின் பொடியை (உடலமைப்பை) மாற்றினால் பதிவிலும் மாற்ற வேண்டும். பாரம் உயரப் போனால் லொறி கவிழும் ஆபத்தும் கூடும். இரண்டு தடவையாகக் கொண்டுபோங்கள், கூலியை அப்படியே பேசிக்கொள்ளுங்கள்.